மானியத்துக்கும் ஒரு சட்டம் வேண்டும்

உயர்கல்வி மசோதாவை ஆராயும் நாடாளுமன்றக் கூட்டுக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

2025 டிசம்பர் 15 அன்று மக்களவையில் அறிமுகமான ‘விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான்’ மசோதா இப்போது உங்கள் பொறுப்பில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி, தொழில்நுட்பக் கல்விக்கான ஏஐசிடிஇ, ஆசிரியர் கல்விக்கான என்சிடிஇ ஆகிய மூன்றையும் கலைத்துவிட்டு, ஒரே ஆணையத்தையும் அதன்கீழ் மூன்று கவுன்சில்களையும் நிறுவ இந்த மசோதா வழிசெய்கிறது. ஒரு கவுன்சில் ஒழுங்குமுறையைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று கல்வி நிறுவனங்களை மதிப்பிட்டு அங்கீகரிக்கும். மூன்றாவது கல்வித் தரங்களை வகுக்கும். மக்களவையின் 21 பேரும் மாநிலங்களவையின் 10 பேருமாக நீங்கள் இதைப் பிரிவு பிரிவாகப் படித்து, திருத்தம் சொல்லப்போகிறீர்கள்.

நான் தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றின் ஆசிரியர். இந்த மசோதாவைப் பற்றிச் சொல்லப் பல விஷயங்கள் இருந்தாலும், முதன்மையாக ஒன்றை உங்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய அரசின் மானியத்தை இனி யார் தருவார், எந்த விதியின்படி தருவார் என்பதை மசோதா சட்டமாக்கவில்லை. புதிய ஆணையத்துக்கு மானியம் வழங்கும் வேலை கிடையாது. அமைச்சகம் வகுக்கும் ஏற்பாட்டின் மூலம் நிதி போகும் என்கிறார்கள். இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லா மாற்றங்களையும்விடப் பெரியது.

சீர்திருத்தமே வேண்டாம் என்று சொல்பவர்களில் நான் ஒருவனல்ல. இப்போதைய ஏற்பாடு நன்றாக நடக்கிறது என்று எந்தக் கல்லூரி ஆசிரியராலும் மனசாட்சியோடு சொல்ல முடியாது. ஒரு பொறியியல் கல்லூரிக்கு ஏஐசிடிஇ அனுமதி வேண்டும், பல்கலைக்கழக இணைவு வேண்டும், கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரமிடும் நாக் அமைப்பின் மதிப்பீடு வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் படிவம், தனித்தனி ஆய்வு. ஆய்வுக் குழு வரும் வாரத்தில் வகுப்புகள் நின்றுபோகும். ஆசிரியர்கள் கோப்பு தைத்துக்கொண்டிருப்பார்கள். இத்தனை ஆய்வுகளுக்குப் பிறகும் நடந்தது என்ன? 2024 ஜூலையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற 200க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில், ஒரே நபர் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை அறப்போர் இயக்கம் வெளிக்கொணர்ந்தது. ஏட்டில் இருந்த ஆசிரியர் வகுப்பறையில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு தன்னார்வ அமைப்பு வரவேண்டியிருந்தது. 2025 பிப்ரவரியில், மதிப்பெண் உயர்த்திக் கொடுக்க லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையே சிபிஐ கைது செய்தது. அனுமதியின்றிப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் கடை விரிப்பவர்களுக்கு 1956ஆம் ஆண்டு யூஜிசி சட்டம் விதிக்கும் அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய். புதிய மசோதா அதை 2 கோடி ரூபாய்க்குக் கொண்டுபோகிறது. அதை மனமார வரவேற்கிறேன்.

பல அமைப்புகளை ஒன்றாக்கும் யோசனையும் இந்த அரசு திடீரென்று கொண்டுவந்ததல்ல. 2009இல் பேராசிரியர் யஷ்பால் குழு அதைப் பரிந்துரைத்தது. 2011இல் அன்றைய அரசு மாநிலங்களவையில் மசோதா கொண்டுவந்து, அது நிலைக்குழுவுக்குப் போய், கடைசியில் திரும்பப் பெறப்பட்டது. 2018இல் யூஜிசியைக் கலைக்கும் இன்னொரு வரைவு பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் கிடப்பில் போடப்பட்டது. அந்த வரைவுக்கு எழுந்த முக்கியமான எதிர்ப்பு, மானிய அதிகாரம் அமைச்சகத்துக்குப் போகிறது என்பதுதான். ஏழு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி, பதில் இல்லாமல், உங்கள் முன் வந்து நிற்கிறது.

மானியம் ஏன் அமைச்சகத்திலிருந்து விலகி நிற்க வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தார்கள்? விடுதலைக்குப் பின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பிரிட்டனில் 1919 முதல் இயங்கிவந்த மானியக் குழுவை ஒத்த ஓர் அமைப்பு இங்கும் வேண்டும் என்றது. 1953 டிசம்பர் 28 அன்று கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத் யூஜிசியைத் தொடங்கிவைத்தார். 1956இல் அதற்குச் சட்டம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் பணம் வேண்டும்; அந்தப் பணம் அரசிடம்தான் இருக்கிறது. ஆனால் பணம் கொடுக்கும் அமைச்சரே நேரடியாகக் கையெழுத்துப் போட்டால், துணைவேந்தர்கள் அமைச்சர் வீட்டு வாசலில் நிற்க வேண்டிவரும். ஆகவே நடுவில் கல்வியாளர்கள் உட்காரும் ஓர் அமைப்பு தேவைப்பட்டது. யூஜிசியின் தலைவர் மத்திய, மாநில அரசுகளின் அலுவலராக இருக்கக் கூடாது. தேர்வு செய்யப்படும் மற்ற உறுப்பினர்களில் பாதிப் பேராவது அரசு அலுவலர் அல்லாதவராக இருக்க வேண்டும். குறைந்தது நான்கு பேர் பல்கலைக்கழக ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள்.

நடைமுறையில் யூஜிசி அந்த உயரத்தில் எப்போதும் நின்றதில்லை. அதன் தலைவரை மத்திய அரசுதான் நியமிக்கிறது. கொள்கை விஷயங்களில் மத்திய அரசின் ஆணைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று பழைய சட்டத்தின் 20ஆவது பிரிவும் சொல்கிறது. அப்படியிருந்தும் அந்தச் சட்டம் எங்களுக்கு ஒரு பிடிமானம். தமிழ்நாட்டின் பழைய கல்லூரி எதன் கடிதத் தாளை எடுத்துப் பார்த்தாலும், ‘யூஜிசி சட்டம் 2(எஃப்), 12(பி) பிரிவுகளின்கீழ் அங்கீகரிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். மானியம் பெறும் தகுதி அந்தக் கல்லூரிக்கு உண்டு என்பதே அந்த வரியின் பொருள். தகுதியின் நிபந்தனைகள் வெளியிடப்பட்டவை. பட்டியலில் இருக்கும் கல்லூரி, கேட்டதைக் கொடுக்காவிட்டால் ‘ஏன் இல்லை’ என்று எழுதிக் கேட்கலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். கேட்பவர் எந்தக் கட்சி ஆளும் மாநிலத்தில் இருக்கிறார் என்று அந்தப் பட்டியல் பார்ப்பதில்லை.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் பெண்கள் விடுதி ஒன்றின் நுழைவுச் சுவரைப் பாருங்கள். ‘யூஜிசி நிதியுதவி, பதினொன்றாம் ஐந்தாண்டுத் திட்டம்’ என்று கல்வெட்டு இருக்கும். 2007க்கும் 2012க்கும் இடையில் அப்படிக் கட்டிய விடுதிகள், கடைசிப் பேருந்து ஆறு மணிக்குப் போய்விடும் ஊர்களிலிருந்து வந்த பெண்களைப் பட்டதாரிகளாக்கின. ‘இவ்வளவு தூரம் தினமும் போய்வர முடியாது, படித்தது போதும்’ என்று வீட்டில் சொன்னபோது, விடுதி இருக்கிறது என்று அவர்களால் பதில் சொல்ல முடிந்தது. நூலகத்துக்கு வந்த புத்தகங்கள், ஆய்வகத்துக்கு வந்த கருவிகள், ஆசிரியர்களுக்குக் கிடைத்த சிறு ஆய்வுத் திட்டங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே. பன்னிரண்டாம் திட்டம் 2017இல் முடிந்ததோடு ஐந்தாண்டுத் திட்டங்களே போயின. கல்லூரிகளுக்கான அந்த வளர்ச்சி மானியமும் நின்றது. அதே 2017இல் தொடங்கிய உயர்கல்வி நிதி முகமை மத்திய உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கிறது. கடனைத் திருப்பிக் கட்ட எங்கிருந்து பணம் வரும்? கடைசியில் மாணவர் கட்டணத்திலிருந்துதானே?

இந்தப் பின்னணியில்தான் மசோதாவைப் படிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு அடிப்படை 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை என்று அரசு சொல்கிறது. அந்தக் கொள்கையோடு எனக்குப் பல முரண்பாடுகள் உண்டு. ஆனாலும் அதன் சொற்களையே எடுத்துக்கொள்வோம். அந்தக் கொள்கை ஒரே ஆணையத்தின்கீழ் நான்கு கிளைகளைச் சொன்னது: ஒழுங்குமுறை, அங்கீகாரம், மானியம், கல்வித் தரம். ஒவ்வொரு கிளையும் மற்றதிலிருந்து விலகித் தனித்து இயங்க வேண்டும் என்றும் அது சொன்னது. மசோதாவில் மூன்று கிளைகள் இருக்கின்றன. உயர்கல்வி மானிய கவுன்சில் என்ற நான்காவது கிளை இல்லை.

ஒழுங்குமுறையையும் மானியத்தையும் ஒரே கையில் வைத்திருந்தால் முறைகேட்டுக்கு இடமாகும், ஆகவே பிரித்திருக்கிறோம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் பிரிப்பது வேறு, அமைச்சகத்துக்குள் கொண்டுபோவது வேறு. மானியத்துக்குத் தனிக் கவுன்சில் அமைத்தாலே இரண்டும் பிரிந்துவிடும். அரசின் சொந்தக் கொள்கை காட்டிய வழியும் அதுதான். அதை ஏன் கைவிட்டார்கள் என்று அமைச்சக அதிகாரிகள் உங்கள் முன் சாட்சியம் அளிக்க வரும்போது கேளுங்கள். அந்தப் பதிலை உங்கள் அறிக்கையில் பதிவு செய்யுங்கள்.

அமைச்சகத்தின் கையில் நேரடியாகப் பணம் இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு பள்ளிக் கல்வியில் பார்த்துவிட்டது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநில அரசு கையெழுத்திடவில்லை என்பதற்காக, அதனோடு சேராத சமக்ர சிக்ஷா திட்டத்தின் 2024-25ஆம் ஆண்டு நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கொள்கையோடு சேர்ந்து வரும் மும்மொழிக் கொள்கை சரியா தவறா என்ற வாதத்துக்கு நான் இங்கே போகவில்லை. நிறுத்தியது ஆசிரியர் சம்பளத்துக்கும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் சிறப்புப் பயிற்சிக்கும் போக வேண்டிய பணம். நிதி வராததால், கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைக் குழந்தைகளுக்குக் கிடைக்கும் 25 விழுக்காடு இடங்களுக்கான சேர்க்கை 2025இல் மாதக்கணக்கில் தடைபட்டது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

இதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. இந்தச் செயலை நியாயமில்லை என்று 2025 மார்ச்சில் சொன்னது உங்களைப் போன்ற ஒரு குழுதான். திக்விஜய் சிங் தலைமையிலான கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்காகத் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நிதியை நிறுத்துவது சரியல்ல, விடுவியுங்கள் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. நிதி எப்படிப் பகிரப்பட வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்படாத இடத்தில், நாடாளுமன்றக் குழுவின் சொல்லுக்கே எவ்வளவு வலு இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக் கல்வியில் இருக்கும் அதே ஏற்பாட்டை உயர்கல்விக்கும் கொண்டுவருகிறீர்களா என்பதே என் கேள்வி. ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. சிறுபான்மைச் சமூக மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகையை நிறுத்துகிறோம் என்று 2022 டிசம்பரில் ஓர் அமைச்சகம் அவையில் பதில் சொன்னது; அதோடு அந்தத் திட்டம் முடிந்தது.

தரம் வகுப்பவர் ஒருவர், பணம் தருபவர் வேறொருவர், இருவருக்கும் நடுவே சட்டப்படியான பாலம் எதுவும் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் எங்கள் ஊரிலேயே உண்டு. இங்கே மாநில அரசையும் குறை சொல்லத்தான் வேண்டும். தற்காலிக ஆசிரியர்களுக்கு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் கொடுக்கலாம் என்று 2019இல் யூஜிசி நெறிமுறை வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 20,000 ரூபாய் கொடுத்துவந்து, பிறகு 25,000 ஆக்கினார்கள். முனைவர் பட்டமும், ஆசிரியர் தகுதிக்கான நெட் அல்லது செட் தேர்வில் தேர்ச்சியும் பெற்றவர்கள் பத்து, பதினைந்து ஆண்டுகளாக இப்படிக் குறைந்த ஊதியத்தில் வகுப்பெடுக்கிறார்கள். துறையில் பாதிப் பாடங்களை அவர்களே சுமக்கிறார்கள். யூஜிசி தரத்தைச் சொன்னது, அதற்கான பணத்தைத் தரவில்லை. மாநிலம் பணம் இல்லை என்றது. புதிய ஆணையம் வெளியிடப்போகும் தரங்களும் இப்படியே ஆகும். ஆய்வகம் இப்படி இருக்க வேண்டும், ஆசிரியர்-மாணவர் விகிதம் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கவுன்சில் எழுதும். அதற்கான பணத்தைப் பற்றி அதனிடம் பேச முடியாது. எட்டாத கல்லூரிக்கு இன்னொரு கவுன்சில் 10 லட்சம் ரூபாயில் தொடங்கி அபராதம் விதிக்கும். பணமுள்ள தனியார் நிறுவனம் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகும். அரசுக் கல்லூரியும் உதவிபெறும் கல்லூரியும் எங்கே போகும்?

எந்த நாட்டைப் பார்த்து நாம் மானியக் குழு அமைத்தோமோ, அந்த பிரிட்டனும் தன் அமைப்பைப் பலமுறை மாற்றிவிட்டது. அதன் பழைய மானியக் குழு 1989இல் முடிவுக்கு வந்தது. 2017இல் உயர்கல்வி, ஆராய்ச்சிச் சட்டம் வந்து, இங்கிலாந்துக்கு மாணவர் அலுவலகம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு உருவானது. அந்தச் சட்டத்தின் மசோதா பிரபுக்கள் அவைக்குப் போனபோது, உறுப்பினர்கள் நூற்றுக்கணக்கான திருத்தங்களை முன்வைத்து மாதக்கணக்கில் வாதாடினார்கள். அரசு சில வாக்கெடுப்புகளில் தோற்றது. கடைசியில் பல்கலைக்கழகங்களின் தன்னாட்சியைக் காக்க வேண்டிய தேவையைக் கருத்தில் கொள்வது அந்த அமைப்பின் கடமை என்ற வாசகமும், தன்னாட்சி என்றால் என்ன என்ற விளக்கமும் சட்டத்தின் இரண்டாவது பிரிவிலேயே இடம்பெற்றன. அங்கே கற்பித்தலுக்கான அரசு மானியத்தையும் அமைச்சகம் நேரடியாகக் கொடுப்பதில்லை. சட்டத்தால் அமைந்த அந்த அமைப்பே பகிர்கிறது. புது முறையிலும் அங்கே ஆயிரம் குறைகள் பேசப்படுகின்றன. ஆனால் மானியத்துக்கும் அமைச்சருக்கும் நடுவில் இருந்த சுவரை அவர்கள் இடிக்கவில்லை.

நம் நாடாளுமன்றக் குழுக்களுக்கும் அந்த வலு உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலுக்குப் பதிலாக தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவரும் மசோதா 2017 டிசம்பரில் அறிமுகமானபோது, ஆயுஷ் மருத்துவர்கள் இணைப்புப் படிப்பு ஒன்றை முடித்து ஆங்கில மருந்துகளை எழுதலாம் என்று ஒரு பிரிவு அதில் இருந்தது. மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. 2018 மார்ச்சில் குழு அறிக்கை தந்தது. அதன்பின் அந்தப் பிரிவு கைவிடப்பட்டது; ஆணையத்தில் மாநிலங்களின் இடமும் கூட்டப்பட்டது. முழுத் திருப்தி யாருக்கும் இல்லாவிட்டாலும், குழு படித்தது, கேட்டது, மாற்றியது.

மாநிலங்களின் இடம் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். உயர்கல்வியில் தரங்களை ஒருங்கிணைத்து நிர்ணயிக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் மத்தியப் பட்டியல் 66ஆவது இனம் நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. பல்கலைக்கழகங்களை நிறுவும் அதிகாரம் மாநிலப் பட்டியல் 32ஆவது இனத்தில் இருக்கிறது. அண்ணாமலை, மதுரை காமராசர், பாரதியார், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார் என்று எங்கள் மாணவர்கள் பட்டம் பெறும் பல்கலைக்கழகங்கள் மாநிலச் சட்டமன்றத்தின் சட்டங்களால் பிறந்தவை, பெரும்பாலும் மாநிலத்தின் பணத்தில் ஓடுபவை. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, உயர்கல்வி வயதினரில் கல்லூரியில் சேர்ந்தோர் விகிதம் நாட்டில் 28.4, தமிழ்நாட்டில் 47. அரசுக் கலைக் கல்லூரிகளும் இலவசப் பேருந்துப் பயணமும் விடுதிகளும் இட ஒதுக்கீடும் சேர்ந்து எட்டிய இடம் அது. இப்படிச் செலவழிக்கும் மாநிலத்துக்குத் தரம் வகுக்கும் மேசையில் உரிமையான நாற்காலி வேண்டும். 2025 ஜனவரியில் துணைவேந்தர் நியமனம் குறித்து யூஜிசி வெளியிட்ட வரைவு விதிகளை எதிர்த்துத் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட வேண்டிவந்தது, மாநிலத்தைக் கேட்காமல் விதி எழுதியதால்தான்.

ஆகவே உங்களிடம் என் கோரிக்கைகள் இவை.

முதலாவது, மசோதாவில் மானிய கவுன்சிலைச் சேர்க்கப் பரிந்துரையுங்கள். அதன் உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பணியில் இருக்கும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர்களாக இருக்கட்டும். மானியம் பகிரும் சூத்திரத்தை வெளிப்படையாக அறிவித்து, ஆண்டுதோறும் இரு அவைகளின் முன்பும் வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்லட்டும். வேறொரு திட்டத்தில் சேரவில்லை என்பதற்காக எந்த மாநிலத்தின், எந்தக் கல்லூரியின் மானியத்தையும் நிறுத்தக் கூடாது என்று ஒரு தடைப் பிரிவும் வேண்டும்.

இரண்டாவது, ஆணையத்திலும் எல்லாக் கவுன்சில்களிலும் மாநில அரசுகளே பெயர் சொல்லி அனுப்பும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அபராதமும் அங்கீகார ரத்தும் விதிக்கப்படும் நிறுவனம் முறையிட, அரசைச் சாராத ஒரு தீர்ப்பாயம் வேண்டும். குறை எந்த அளவுக்கு நிதியில்லாமையால் வந்தது என்பதை அபராதம் விதிக்கும் முன் கணக்கில் கொள்ள வேண்டும்.

நான்காவது, இப்போது நடந்துகொண்டிருக்கும் ஆய்வு உதவித்தொகைகள் ஒரு மாதம்கூடத் தடைபடாது என்று மாறுதல் காலத்துக்கான பிரிவில் எழுதுங்கள். ஆய்வு மாணவர்கள் அறை வாடகையையும் உணவுக் கட்டணத்தையும் அந்தப் பணத்தில்தான் கட்டுகிறார்கள்.

ஐந்தாவது, டெல்லியில் மட்டும் உட்கார்ந்து சாட்சியம் கேட்காதீர்கள். சென்னைக்கு வாருங்கள், மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வாருங்கள். துணைவேந்தர்களோடு நிறுத்திவிடாமல், கௌரவ விரிவுரையாளர்களையும் விடுதி மாணவிகளையும் நூலகர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். கருத்துரைகளை எட்டாவது அட்டவணை மொழிகள் எதில் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழில் பாடம் நடத்தும் ஆசிரியருக்குத் தன் வேலையைப் பற்றித் தமிழில் எழுத உரிமை இருக்க வேண்டும்.

உங்களில் ஆளுங்கட்சியினர் பெரும்பான்மையாக இருப்பீர்கள் என்பதை அறிவேன். அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: மானியத்தை அமைச்சகத்திடம் ஒப்படைக்கும் சட்டம், நாளை வேறு கட்சி ஆட்சிக்கு வரும்போதும் அப்படியேதான் இருக்கும். அப்போது உங்கள் மாநிலத்துக் கல்லூரி முதல்வரும் ஒரு துணைச் செயலாளரின் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டிவரும். எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் ஒன்று: கூட்டத்திலிருந்து வெளிநடப்பு செய்துவிட்டுச் செய்தியாளர்களைச் சந்திப்பதால் ஒரு பிரிவும் மாறாது. உட்கார்ந்து திருத்தம் கொடுங்கள். திருத்தம் தோற்றால், மாறுபட்ட கருத்துக் குறிப்பைக் காரணங்களோடு எழுதி அறிக்கையில் சேருங்கள். பின்னாளில் நீதிமன்றமும் அடுத்த நாடாளுமன்றமும் அதை எடுத்துப் படிக்கும்.

யூஜிசி போகட்டும், அதன் தாமதமும் கெடுபிடியும் போகட்டும். பணம் கொடுப்பவருக்கும் பாடம் சொல்பவருக்கும் நடுவே ஒரு சட்டம் நிற்க வேண்டும் என்று 1956இல் நாடாளுமன்றம் எடுத்த முடிவு மட்டும் போய்விடக் கூடாது. அதைக் காப்பாற்றும் அதிகாரம் இன்று உங்கள் 31 பேரிடம் இருக்கிறது. பயன்படுத்துங்கள்.

மிக்க மரியாதையுடன்,
தமிழ்நாட்டுக் கல்லூரி ஆசிரியர் ஒருவர்